விடை தெரியாத கணக்கோடு இரண்டு வாரம்



நம் ஊர்ப் பிள்ளைகள் பலர் இன்று கல்லூரியில் கணிதம் படிக்கிறார்கள், அல்ஹம்துலில்லாஹ். அவர்களில் சிலருக்கு ஒரு புது விதமான அசைன்மென்ட் வருகிறது. பாடப்புத்தகத்தில் பாடத்தின் முடிவில் இருக்கும் பயிற்சிக் கணக்குகள் அல்ல, கணிதப் போட்டிகளில் கேட்கப்பட்ட கணக்குகள். ஐந்து அல்லது ஆறு கணக்குகளைக் கொடுத்து, இரண்டு வாரத்தில் செய்துகொண்டு வாருங்கள் என்று பேராசிரியர் சொல்லிவிடுகிறார். பிள்ளை வீட்டுக்கு வந்து முதல் கணக்கைப் படிக்கிறது. கேள்வி நன்றாகவே புரிகிறது. ஆனால் எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை. ஒரு மணி நேரம் போகிறது, தாளில் ஒரு வரி இல்லை. அடுத்து கை செல்போனுக்குப் போகிறது.

கை செல்போனுக்குப் போவதற்கு முன் என்னென்ன செய்யலாம் என்பதைச் சில கணக்குகளை வைத்தே பார்ப்போம். கணிதம் படிக்காத பெற்றோரும் இதைப் படிக்கலாம். இங்கே வரும் கணக்குகளுக்குக் கூட்டல், பெருக்கல், வகுத்தல் போதும்.

முதலில் ஒரு செய்தி. அமெரிக்கா, கனடா நாடுகளின் கல்லூரி மாணவர்களுக்காக 1938-இல் தொடங்கப்பட்ட புட்னம் போட்டி உலகப் புகழ் பெற்றது. காலையில் மூன்று மணி நேரத்தில் 6 கணக்கு, பிற்பகலில் மூன்று மணி நேரத்தில் 6 கணக்கு. ஒவ்வொன்றுக்கும் 10 மதிப்பெண், மொத்தம் 120. கணிதத்தில் ஆர்வமும் திறமையும் உள்ளவர்கள்தான் எழுதுகிறார்கள். எழுதியவர்களை மதிப்பெண் வரிசையில் நிறுத்தினால் நடுவில் நிற்பவர் வாங்கியது, பல ஆண்டுகளில், 0 அல்லது 1 அல்லது 2. நூற்றிருபதுக்கு! ஆகவே ஒரு மணி நேரத்தில் ஒன்றும் வராத பிள்ளை, தனக்குக் கணிதம் வராது என்று முடிவு கட்டத் தேவையில்லை. அந்தக் கணக்குகள் அப்படித்தான் இருக்கும்.

எம்.ஐ.டி., ஸ்டான்ஃபோர்டு போன்ற பல்கலைக்கழகங்களில் இதற்கென்றே வகுப்பு உண்டு. ஒரு தலைப்பு, அதற்கு ஒரு தாள் நிறையக் கணக்குகள், முடிந்தவற்றை எழுதிக் கொடுக்க வேண்டும். நம் நாட்டிலும் இளநிலைப் பட்ட மாணவர்களுக்கு மாதவா கணிதப் போட்டி நடக்கிறது. பதினான்காம் நூற்றாண்டில் கேரளத்தில் வாழ்ந்த சங்கமகிராம மாதவன் பெயரால் அமைந்தது அது. சென்னையை அடுத்த சிறுசேரியில் உள்ள சென்னைக் கணிதவியல் கழகத்தின் நுழைவுத் தேர்விலும், இந்தியப் புள்ளியியல் கழகத்தின் நுழைவுத் தேர்விலும் இதே மாதிரியான கேள்விகள் வருகின்றன. எனவே பேராசிரியர் கொடுத்த அந்தத் தாள் வீண் வேலை அல்ல. நம் பிள்ளைகள் அதிகம் தட்டாத ஒரு கதவு அது.

இனிக் கணக்கு.

1 முதல் 100 வரையுள்ள எண்களில் ஏதாவது 51 எண்களை எடுங்கள். அவற்றில் ஒன்று இன்னொன்றை மீதியில்லாமல் வகுக்கும் என்று நிரூபிக்க வேண்டும். எந்த 51-ஐ எடுத்தாலும் அப்படி ஒரு ஜோடி இருந்தே தீரும் என்பதுதான் கேள்வி.

முதல் வேலை, கேள்வியை நம்பாமல் இருப்பது. பொய்யாக்க முடியுமா என்று பாருங்கள். ஒன்றையொன்று வகுக்காத எண்களாகச் சேர்த்துக்கொண்டே போவோம். 1 எல்லாவற்றையும் வகுக்கும், அதை விட்டுவிடுவோம். பகா எண்களை எடுக்கலாம், ஆனால் நூறுக்குள் 25 பகா எண்கள்தான் உண்டு. வேறு வழி? பெரிய எண்களாக எடுக்கலாம்: 51, 52, 53 என்று 100 வரை. இதில் எதை இரட்டித்தாலும் நூறைத் தாண்டிவிடும், ஆகவே எதுவும் எதையும் வகுக்காது. எண்ணிப் பார்த்தால் சரியாக 50 எண்கள். இன்னும் ஒன்று வேண்டும். 50-ஐச் சேர்த்தால் அது 100-ஐ வகுக்கிறது. 30-ஐச் சேர்த்தால் 60-ஐ வகுக்கிறது. 7-ஐச் சேர்த்தால் 56-ஐ வகுக்கிறது. எதைச் சேர்த்தாலும் மாட்டிக்கொள்கிறோம்.

பல மாணவர்கள் இந்த இடத்தில் “ஆகவே நிரூபிக்கப்பட்டது” என்று எழுதிவிடுகிறார்கள். அதற்கு மதிப்பெண் கிடைக்காது, கிடைக்கவும் கூடாது. 51 முதல் 100 வரை எடுத்த ஒரே ஒரு கூட்டத்தைத்தான் நாம் பார்த்தோம். வேறு விதமாகத் தொடங்கியிருந்தால் 51 எண்கள் கிடைத்திருக்காதா என்று கேட்டால் நம்மிடம் பதில் இல்லை. இருந்தாலும் இந்த முயற்சி வீணாகவில்லை. ஐம்பது வரை போகலாம், அதற்கு மேல் போக முடியாது என்ற நம்பிக்கை வந்துவிட்டது. அந்த ஐம்பது எங்கிருந்து வருகிறது என்பதுதான் இனித் தேட வேண்டியது.

அடுத்த வேலை, கணக்கைச் சின்னதாக்குவது. நூறு பெரிய எண். 1 முதல் 10 வரை வைத்துக்கொண்டு 6 எண்களை எடுக்கச் சொல்வோம். எவை எவற்றோடு மோதுகின்றன? 1, 2, 4, 8 நான்கும் ஒன்றையொன்று வகுக்கும் ஒரு சங்கிலி. இவற்றில் ஒன்றைத்தான் எடுக்க முடியும். 3, 6 ஒரு சங்கிலி. 5, 10 ஒரு சங்கிலி. 7 தனி, 9 தனி. ஆக ஐந்து சங்கிலிகள். ஒவ்வொரு சங்கிலியிலிருந்தும் அதிகபட்சம் ஒன்று என்றால் ஐந்து எண்களுக்கு மேல் எடுக்கவே முடியாது. ஆறாவது எண், ஏற்கெனவே ஆள் இருக்கும் ஒரு சங்கிலிக்குள் போய் விழுந்தே ஆக வேண்டும்.

இப்போது நூறுக்கு வருவோம். ஒவ்வொரு சங்கிலியும் ஓர் ஒற்றைப்படை எண்ணில் தொடங்கி இரட்டித்துக்கொண்டே போகிறது. 1 முதல் 100 வரை ஒற்றைப்படை எண்கள் எத்தனை? ஐம்பது. நாம் தேடிய ஐம்பது இதுதான். எந்த எண்ணையும் இரண்டால் வகுக்க முடிந்த மட்டும் வகுத்தால் கடைசியில் ஓர் ஒற்றைப்படை எண் மிஞ்சும். அதுதான் அந்த எண்ணின் சங்கிலி. 51 எண்கள், 50 சங்கிலிகள். ஆகவே இரண்டு எண்கள் ஒரே சங்கிலியில் இருக்கும், அவற்றில் சிறியது பெரியதை வகுக்கும். முடிந்தது.

எழுதிக் கொடுக்கும்போது இந்தக் கடைசிப் பத்தி மட்டும் போதும், ஐந்தாறு வரி. இணையத்தில் பார்த்தாலும் அந்த ஐந்தாறு வரிதான் கிடைக்கும். அதைப் படிக்கும் மாணவருக்கு “இது எனக்கு எப்படித் தோன்றும்?” என்ற மலைப்புதான் மிஞ்சும். யாருக்கும் சும்மா தோன்றவில்லை. பத்துக்குச் செய்து பார்த்தவருக்குத் தோன்றியது.

ஹங்கேரியில் பிறந்து பின்னாளில் ஸ்டான்ஃபோர்டில் பேராசிரியராக இருந்த ஜார்ஜ் போலியா, 1945-இல் வெளியிட்ட நூலில் கணக்கை அணுகும் வழியை நான்காகப் பிரித்தார்: கேள்வியைப் புரிந்துகொள்வது, திட்டம் போடுவது, செய்வது, திரும்பிப் பார்ப்பது. முதல் மூன்றை எல்லோரும் சொல்லிக் கொடுக்கிறோம். நான்காவதைத்தான் யாரும் செய்வதில்லை. விடை வந்ததும் நோட்டை மூடிவிடுகிறோம். மேலே உள்ள கணக்கு முடிந்த பிறகு, “கேட்டது வகுத்தலைப் பற்றி, உதவியது இரட்டித்தல், இது ஏன்?” என்று பத்து நிமிடம் யோசித்தவருக்கு அடுத்த கணக்கு பாதி சுலபமாகிவிடும்.

இன்னொரு வகையைப் பார்ப்போம். உலகக் கணித ஒலிம்பியாட் 1959-இல் ருமேனியாவில் ஏழு நாடுகளோடு தொடங்கியது. அதன் முதல் கணக்கு இது. ‘க’ என்பது ஏதாவது ஓர் இயல் எண். 21க + 4 என்பதை 14க + 3 ஆல் வகுக்கும் பின்னத்தை ஒருபோதும் சுருக்க முடியாது என்று நிரூபிக்கவும்.

வழக்கம்போல் சின்ன எண்களைப் போடுங்கள். க = 1 என்றால் 25-இன் கீழ் 17. க = 2 என்றால் 46-இன் கீழ் 31. க = 3 என்றால் 67-இன் கீழ் 45. எதுவும் சுருங்கவில்லை. ஆனால் ‘க’ எத்தனை எத்தனையோ, எல்லாவற்றையும் போட்டுப் பார்க்க முடியாது. சுருங்கும் என்றால் என்ன பொருள்? மேலே உள்ள எண்ணையும் கீழே உள்ள எண்ணையும் வகுக்கும் ஒரு பொது எண் இருக்கிறது என்று பொருள். அப்படியானால் கீழ் எண்ணின் மூன்று மடங்கையும், மேல் எண்ணின் இரண்டு மடங்கையும் அது வகுக்கும். அவை 42க + 9, 42க + 8. இரண்டையும் வகுத்தால் அவற்றின் வித்தியாசத்தையும் வகுக்க வேண்டும். வித்தியாசம் 1. ஒன்றை வகுப்பது ஒன்று மட்டுமே. அவ்வளவுதான். மூன்றும் இரண்டும் எங்கிருந்து வந்தன? ‘க’ ஒழிய வேண்டும் என்பதற்காக 21-க்கும் 14-க்கும் பொது மடங்கு தேடினோம், எட்டாம் வகுப்புப் பிள்ளை செய்வதைப் போல.

மூன்றாவது, 2002-ஆம் ஆண்டு புட்னம் போட்டியில் வந்தது. இதற்கு ஓர் ஆரஞ்சுப் பழமும் பேனாவும் வேண்டும். பழத்தின் மேல் விருப்பப்பட்ட இடங்களில் ஐந்து புள்ளிகள் வையுங்கள். பழத்தைச் சரிபாதியாக வெட்டும்போது ஒரு பாதியில் குறைந்தது நான்கு புள்ளிகள் இருக்கும்படி எப்போதும் வெட்ட முடியும் என்று நிரூபிக்க வேண்டும். வெட்டுக்கோட்டின் மேலேயே விழும் புள்ளி இரண்டு பாதிக்கும் சொந்தம்.

பெரும்பாலோர் புள்ளிகள் எங்கே இருக்கின்றன என்று வகை வகையாகப் பிரிக்கத் தொடங்கி நான்கு பக்கம் எழுதிவிட்டுக் களைத்துப்போவார்கள். புள்ளிகளை நாம் நகர்த்த முடியாது. ஆனால் கத்தி நம் கையில் இருக்கிறது. அதை எங்கே வைத்தால் லாபம்? ஏதாவது இரண்டு புள்ளிகள் மேலேயே வைப்போம். அந்த இரண்டும் பழத்தின் மையமும் சேரும்படி வெட்டினால், அவ்விரண்டு புள்ளிகளும் இரு பாதிக்கும் கணக்கில் சேரும். மீதி மூன்று. இரண்டு பாதிகளுக்கு மூன்று புள்ளிகள் என்றால் ஒரு பாதியில் குறைந்தது இரண்டு. இரண்டும் இரண்டும் நான்கு. பழத்தைப் பிறகு சாப்பிட்டுவிடலாம்.

நம் மேடைகளில் கணிதம் என்றாலே அல்-குவாரிஸ்மி பெயரைச் சொல்லிப் பெருமைப்படுகிறோம். பெருமைப்பட வேண்டியவர்தான். பக்தாதில் அவர் எழுதிய அல்-ஜப்ர் நூலிலிருந்துதான் அல்ஜீப்ரா என்ற பெயரே வந்தது. அந்த நூலில் கணிசமான பகுதி வாரிசுப் பங்குக்கும் மரண சாசனத்துக்கும் உரிய கணக்குகள், அதாவது நம் ஃபராயிள் கணக்குகள். ஆனால் பெயரைச் சொல்வதோடு நின்றுவிடுகிறோமே தவிர, அந்த அறிஞர்கள் போட்ட ஒரு கணக்கையாவது உட்கார்ந்து போட்டுப் பார்த்திருக்கிறோமா என்று கேட்டால் பதில் சங்கடமானது. ஆகவே ஒன்றைப் போட்டுப் பார்ப்போம்.

சுமார் 965-இல் பஸ்ராவில் பிறந்து, சுமார் 1040-இல் கெய்ரோவில் மறைந்தவர் இப்னுல் ஹைதம். ஒளியியலில் அவர் எழுதிய கிதாபுல் மனாழிர் உலகறிந்தது. எண் கணிதத்தில் அவர் எடுத்துக்கொண்ட கேள்வி இது. ஓர் எண்ணை 2, 3, 4, 5, 6 ஆகிய எதனால் வகுத்தாலும் 1 மீதி வருகிறது, 7-ஆல் வகுத்தால் மீதி இல்லை. அந்த எண் என்ன?

நாம் கற்ற வழியில் செய்தால், 2 முதல் 6 வரை எல்லாவற்றுக்கும் மீச்சிறு பொது மடங்கு 60. ஆகவே எண் 61, 121, 181, 241, 301 என்ற வரிசையில் இருக்க வேண்டும். 7-ஆல் வகுபடுவது 301, ஏழு நாற்பத்து மூன்று. அதன் பிறகு 420 கூட்டக் கூட்ட வந்துகொண்டே இருக்கும்: 721, 1141 என்று. இப்னுல் ஹைதம் சொன்ன ஒரு வழி இன்னும் அழகானது. 2, 3, 4, 5, 6 எல்லாவற்றையும் பெருக்கி ஒன்றைக் கூட்டு என்றார். 720 + 1 = 721. மீதி 1 வருவது வெளிப்படை. ஆனால் 7-ஆல் ஏன் மீதியில்லாமல் வகுபட வேண்டும்? 7-க்குப் பதில் வேறு எந்தப் பகா எண்ணை வைத்து, அதற்குக் கீழே உள்ளவற்றையெல்லாம் பெருக்கி ஒன்றைக் கூட்டினாலும் இப்படியே வகுபடும். கல்லூரிப் புத்தகத்தில் இதற்கு வில்சன் தேற்றம் என்று பெயர். ஐரோப்பாவில் அது அச்சில் வந்தது 1770-இல். பஸ்ராக்காரர் அதை ஏழு நூற்றாண்டுக்கும் முன்பே பயன்படுத்தியிருக்கிறார். கல்லூரியில் படிக்கும் பிள்ளைகள் 5-க்கும் 11-க்கும் போட்டுப் பார்த்துவிட்டு, பகா எண் அல்லாத 6-க்கும் 9-க்கும் என்ன ஆகிறது என்று பாருங்கள்.

இனி செல்போன் விஷயம். இந்த அசைன்மென்டின் உயிரே இதில்தான் இருக்கிறது. பிரபலமான போட்டிக் கணக்குகளுக்கெல்லாம் விடை இணையத்தில் இருக்கிறது. செயற்கை நுண்ணறிவுச் செயலிகளிடம் கேட்டால் அவையும் எழுதித் தருகின்றன, சில சமயம் தவறான நிரூபணத்தைக்கூட மிகுந்த தன்னம்பிக்கையோடு. இரண்டு வாரத்தில் செய்ய வேண்டியதை இருபது நிமிடத்தில் முடித்துவிட்டு முழு உள்மதிப்பீட்டு மதிப்பெண்ணும் வாங்கிவிடலாம். அப்படிப் பார்த்து எழுதியதைத் தன் வேலை என்று கையெழுத்திட்டுக் கொடுப்பது பொய். சமுதாயத்தின் உதவித்தொகையில் படிக்கும் பிள்ளைக்கு அது அமானிதத்தில் செய்யும் குறையும் ஆகும். இதை மென்மையாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. ஹலாலான வருமானம் வேண்டும் என்று சிறு வயது முதல் சொல்லி வளர்க்கிறோம். மதிப்பெண்ணும் ஒரு வருமானம்தானே.

அதற்காக ஒரு கணக்கோடு மாதக்கணக்கில் மல்லுக்கட்டச் சொல்லவில்லை. தாள் கிடைத்த அன்றே எல்லாக் கணக்குகளையும் படித்துவிடுங்கள். கடைசி இரவுக்கு வைத்தால் ஒன்றும் நடக்காது. மனம் வேறு வேலையில் இருக்கும்போதும், பஸ்ஸில் போகும்போதும், கணக்கு உள்ளே ஊறிக்கொண்டிருக்கும். ஒரு கணக்குக்கு வெவ்வேறு நாட்களில் மூன்று அமர்வு கொடுங்கள், ஒவ்வொன்றும் முக்கால் மணி நேரம். செய்த எதையும் அழிக்காதீர்கள், தேதி போட்டு வையுங்கள். மூன்றாவது அமர்விலும் வழி பிறக்கவில்லை என்றால், முதலில் பேராசிரியரிடம் ஒரு குறிப்புக் கேளுங்கள். புத்தகத்தையோ இணையத்தையோ பார்க்க அனுமதி உண்டா, நண்பர்களோடு சேர்ந்து செய்யலாமா என்பதையும் தொடக்கத்திலேயே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். ஒவ்வொருவர் ஒவ்வொரு விதமாக வைத்திருப்பார்கள். அனுமதி இருந்தால் விடையின் முதல் வரியை மட்டும் பார்த்துவிட்டு மூடுங்கள். முழுவதையும் பார்க்க நேர்ந்தால், ஒரு நாள் கழித்து எதையும் பார்க்காமல் உங்கள் சொற்களில் எழுதுங்கள். எழுத வரவில்லை என்றால் புரியவில்லை என்று அர்த்தம். எழுதியதன் கீழே “இன்ன இடத்தில் குறிப்புப் பார்த்தேன்” என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள். நல்ல ஆசிரியர் அதற்காக உங்களைக் குறைவாக எண்ண மாட்டார்.

முடிக்க முடியாத கணக்கையும் காலியாக விட வேண்டாம். “சிறிய எண்களுக்குச் சரிபார்த்தேன், பொதுவாக நிரூபிக்க முடியவில்லை, தடைபட்ட இடம் இது” என்று தெளிவாக எழுதுங்கள். ஆறு பக்கம் சுற்றி வளைத்து எழுதி நிரூபித்துவிட்டதாகப் பாவனை செய்வதைவிட இந்த மூன்று வரிக்கு மதிப்பு அதிகம்.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. வெற்றுத் தாளை வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கும் பிள்ளை, அநேகமாக, அப்போதுதான் கடுமையாக வேலை செய்துகொண்டிருக்கிறது. மகன் என்றால் “படிக்கிறான்” என்று விட்டுவிடுகிறோம். மகள் அப்படி உட்கார்ந்திருந்தால் பத்து நிமிடத்துக்கு ஒரு முறை அடுப்படியிலிருந்து குரல் போகிறது. ஈரானின் மர்யம் மிர்ஸாகானி 1994, 1995 இரண்டு ஆண்டும் உலகக் கணித ஒலிம்பியாடில் தங்கப் பதக்கம் வாங்கினார், இரண்டாவது முறை 42-க்கு 42. 2014-இல் கணிதத்தின் மிக உயர்ந்த விருதான ஃபீல்ட்ஸ் பதக்கம் பெற்ற முதல் பெண் அவர்தான். அவரே தன்னை மெதுவாக யோசிப்பவள் என்றுதான் சொல்லிக்கொண்டார். பெரிய பெரிய தாள்களைத் தரையில் விரித்துப் போட்டு, ஒரே மாதிரியான கோடுகளைத் திரும்பத் திரும்ப வரைந்துகொண்டிருப்பாராம். உம்மா படம் வரைகிறாள் என்று அவருடைய சின்ன மகள் நினைத்துக்கொண்டிருந்தாள். 2017-இல், நாற்பது வயதில், புற்றுநோயால் காலமானார். ஃபஜ்ருக்குப் பிறகு ஒரு மணி நேரம், யாரும் கூப்பிடாத ஒரு மணி நேரம், நம் பெண் பிள்ளைகளுக்கும் கிடைக்கட்டும்.

வீட்டில் போட்டுப் பார்க்க மூன்று கணக்குகள்.

ஒன்று. 1 முதல் 100 வரை எந்த 51 எண்களை எடுத்தாலும், 1-ஐத் தவிர வேறு பொது வகுத்தி இல்லாத இரண்டு எண்கள் அவற்றில் இருக்கும். ஏன்? பால் எர்டிஷ் என்ற ஹங்கேரியக் கணித மேதை, பன்னிரண்டு வயதுகூட நிரம்பாத லாயோஷ் போஷா என்ற சிறுவனிடம் சாப்பாட்டு மேசையில் இதைக் கேட்டார். சூப் குடித்துக்கொண்டிருந்த சிறுவன் அரை நிமிடத்தில் ஒரே வாக்கியத்தில் பதில் சொன்னான். நமக்கு அரை நாள் ஆனாலும் பரவாயில்லை.

இரண்டு. பலகையில் 1 முதல் 10 வரை எழுதியிருக்கிறது. ஏதாவது இரண்டு எண்களை அழித்துவிட்டு, பெரியதிலிருந்து சிறியதைக் கழித்து வருவதை எழுதுங்கள். இப்படியே செய்துகொண்டு போனால் கடைசியில் ஓர் எண் மிஞ்சும். அது பூஜ்யமாக இருக்க முடியுமா? பலகையில் உள்ள எண்களின் கூட்டுத்தொகை ஒவ்வொரு முறையும் எப்படி மாறுகிறது என்று கவனியுங்கள்.

மூன்று. பெருநாள் தொழுகை முடிந்து ஒரு வீட்டு முற்றத்தில் 40 பேர் கூடியிருக்கிறார்கள். சிலர் சிலரோடு முஸாஃபஹா செய்துகொண்டார்கள், சிலர் செய்யவில்லை. ஒரே ஜோடி இரண்டு முறை கை கொடுத்தாலும் ஒன்றாகவே எண்ண வேண்டும். அந்த 40 பேரில், சம எண்ணிக்கையில் கை கொடுத்த இருவராவது கட்டாயம் இருப்பார்கள் என்று நிரூபியுங்கள். முதலில் நான்கு பேரை வைத்துச் செய்து பாருங்கள். யாருக்குமே கை கொடுக்காத ஒருவரும், எல்லோருக்கும் கை கொடுத்த ஒருவரும் ஒரே முற்றத்தில் இருக்க முடியுமா?